ஒண்ணும் ஆகலையே என்பவர்களுக்கு

போன மாதம் ஒரு பதிவும் போடவில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் போன் செய்து கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் மெயின் போர்டிலிருந்து வாசல் வரைக்கும் சுவரைக் கொத்தி வேலை நடந்தது. எங்கே பார்த்தாலும் சிமென்ட் தூசி. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

வழக்கமாக இங்கே பழைய புதுச்சேரி கதைகள்தான் எழுதுவேன். இன்றைக்குக் கொஞ்சம் சண்டை. யாரோடு என்று கேட்டால், முதலில் என் மகனோடு, அப்புறம் ஒரு எலக்ட்ரீசியனோடு, கார் விற்கிறவர்களோடு, கடைசியில் என்னோடும்தான்.

தை பிறந்ததும் பெரியவன் மின்சாரக் கார் வாங்கினான். பதினைந்து லட்சத்துக்கு மேல். வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. சத்தம் இல்லை, புகை இல்லை, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸ் போய் வர அதைவிட வசதி கிடையாது. கடையில் நானும் கூட இருந்தேன். "சார்ஜ் எப்படித் தம்பி போடுவது?" என்று கேட்டேன். "மொபைல் போன் மாதிரிதான் அங்கிள். வீட்ல பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் இருக்குமில்ல? அதுல சொருகினா போதும்" என்றார். பின்பக்கம் திறந்து ஒரு பையில் சுருட்டி வைத்திருந்த சார்ஜரைக் காட்டினார். இந்த "மொபைல் போன் மாதிரி" என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு 1986-இல் கட்டியது, ஆபீஸ் கடனில். அந்தக் காலத்து வயரிங். மூன்று ஃபேன், ஆறு டியூப் லைட், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு கிரைண்டர் என்று கணக்குப் போட்டுச் செய்தது. பிற்பாடு ஏ.சி. வந்தது, வாஷிங் மெஷின் வந்தது, ஹீட்டர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எது கிடைத்ததோ அதிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொண்டோம். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பிளக் வாஷிங் மெஷினுடையது ஒன்றுதான். அதில் சார்ஜரைச் சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறவில்லை.

தெருமுனை எலக்ட்ரீசியன் தம்பி வந்தார். டெஸ்டர் வைத்துப் பார்த்தார். "எர்த் இல்ல சார், அதான் ஏத்துக்க மாட்டேங்குது. அஞ்சு நிமிஷம்" என்றார். சாக்கெட்டைக் கழற்றினார், ஏதோ செய்தார், மூடினார். பச்சை விளக்கு எரிந்தது. முந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினோம். எர்த்தே இல்லாத இடத்தில் ஐந்து நிமிடத்தில் எர்த் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவன் நான். இல்லாத ஒரு இணைப்பு திடீரென்று கோப்பில் வந்து உட்கார்ந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் என் வேலையாக இருந்தது. வீட்டில் கேட்கத் தவறினேன்.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு வீட்டம்மா எழுப்பினாள். "ஏங்க, என்னமோ கருகற வாசனை." போய்ப் பார்த்தால் சாக்கெட் பழுப்பு நிறமாகி ஒரு பக்கம் இளகித் தொங்குகிறது. பிளக் தொடமுடியாத சூடு. மெயினை அணைத்துவிட்டு மகனை எழுப்பினேன். அவன் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஒண்ணும் ஆகலையேப்பா. சாக்கெட்தான போச்சு, நாளைக்கு மாத்திடலாம்."

இந்த "ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

மறுநாள் அந்தத் தம்பியைக் கூப்பிடவில்லை. எங்கள் ஏரியாவில் வயசான பாய் ஒருவர் இருக்கிறார், முறையாக வயர்மேன் படித்தவர். இப்போது அதிகம் வேலைக்குப் போவதில்லை. என் முகத்துக்காக வந்தார். சாக்கெட்டைக் கழற்றினவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குல நீளத்தில் ஒரு துண்டு வயர். அவ்வளவுதான் எங்கள் வீட்டு எர்த்.

"சார், இது சார்ஜரை ஏமாத்தறதுக்குப் போட்டது" என்றார்.

விஷயம் இதுதான். காரின் சார்ஜர் கரண்டை எடுப்பதற்கு முன்னால் எர்த் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் மறுக்கிறது. மறுப்பது நம்மைக் காப்பாற்றுவதற்காக. காரின் உடம்பு முழுக்க உலோகம். அது எர்த் முனையோடு சேர்ந்திருக்கிறது. உள்ளே எங்காவது பழுது வந்து கரண்ட் உடம்புக்கு வந்தால், மண்ணுக்குப் போக அதற்கு ஒரு நல்ல பாதை வேண்டும். அதற்காகத்தான் எர்த். நியூட்ரலும் கடைசியில் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் மண்ணோடு சேர்ந்ததுதான் என்பதால், நியூட்ரலை எர்த் முனையில் தட்டிவிட்டால் சார்ஜர் சரி என்று நம்பிவிடுகிறது. நான் பார்த்த வேலையின் பாஷையில் சொன்னால் கள்ளக் கையெழுத்து.

எல்லாம் சரியாக இருக்கிறவரை அது ஓடும். வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால்? நம் ஊரில் நியூட்ரல் விடுவது அதிசயமா? மழைக் காற்றில் கம்பத்தில் விடும், மீட்டர் பலகையில் திருகு தளர்ந்து விடும், கடற்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்து விடும். விட்டதும், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற ஃபேன், ஃப்ரிட்ஜ் வழியாகப் போன கரண்ட் திரும்பப் பாதையில்லாமல் அந்த நியூட்ரல் வயரிலேயே நிற்கும். அந்த இரண்டு அங்குல வயர் அதை அப்படியே காரின் கதவுக்குக் கொண்டுவரும். கார் நிற்பது ரப்பர் டயரில். ஆகவே கரண்ட் மண்ணுக்குப் போகாமல் காத்திருக்கும். வாசல் தெளித்த ஈரத்தில் வெறுங்காலோடு ஒருவர் வந்து கதவைத் திறந்தால் அவர் வழியாகப் போகும். எங்கள் வீட்டில் தினமும் காலையில் முதலில் ஓடிப்போய் அந்தக் கதவைத் திறப்பது ஏழு வயதுப் பேத்தி.

மகனிடம் இதைச் சொன்னேன். அதற்கப்புறம் அவன் "ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லவில்லை.

சரி, சாக்கெட் ஏன் உருகியது? அது வேறு கதை. எர்த் இருந்திருந்தாலும் உருகியிருக்கும். நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் பிசிக்ஸ் வாத்தியார் ஓம் விதியை "உ = எர் × இ" என்றுதான் எழுதிப் போடுவார். பின்னால் ஆபீசில் இங்கிலீஷ் வழியில் படித்தவர்கள் வோல்ட்டுக்கு "வி" என்று எழுதியதைப் பார்த்து நான் விழித்ததுண்டு. அவர் அழுத்திச் சொன்ன இன்னொன்று "எஃபே ஜூல்". கம்பியில் கரண்ட் ஓடினால் சூடு பிறக்கும். அந்தச் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பதினாலு வயதில் ஒப்பித்தது, எழுபத்துநாலு வயதில் என் வீட்டுச் சுவரில் நிரூபணமானது.

கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 3,450 வாட். அரை குதிரைசக்தி கிரைண்டர் 370 வாட் சொச்சம். வாட்டர் ஹீட்டர் 2,000 வாட், ஆனால் கால் மணி நேரத்தில் அணைத்துவிடுகிறோம். ஒன்றரை டன் ஏ.சி. 1,500 வாட் பக்கம் இழுக்கும், அதுவும் அறை குளிர்ந்ததும் நின்று நின்று ஓடும். கார் அப்படி இல்லை. பேட்டரி காலியாக இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை முழு மூச்சாக இழுக்கும். நம் வீட்டு சாக்கெட்டுகள் ஆயுளில் ஒரு நாளும் அப்படி உழைத்ததில்லை. "மொபைல் போன் மாதிரி" என்று சொன்னவர் இதைத்தான் மறைத்தார், அல்லது அவருக்கே தெரியாது. மொபைல் சார்ஜர் இருபது வாட், முப்பது வாட். கார் அதைப் போல நூறு மடங்குக்கு மேல்.

இதில் கம்பியைவிட மோசம் இணைப்பு. தளர்ந்த திருகு, களிம்பு பிடித்த பின், சுவருக்குள் முறுக்கி டேப் சுற்றிவிட்ட ஜாயின்ட். அந்த இடத்தில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வையுங்கள். 15-ஐ 15-ஆல் பெருக்கி, பத்தில் ஒரு பங்கு: 22.5 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை சாக்கெட்டுக்குள் சொருகி எட்டு மணி நேரம் விட்டுவிட்டுத் தூங்கப் போன கதைதான் எங்களுடையது.

"எம்.சி.பி. ஏன் விழவில்லை?" என்று என் மகன் கேட்டான். நல்ல கேள்வி. நிறையப் பேர் எம்.சி.பி. இருக்கிறதே என்று தைரியமாக இருக்கிறார்கள். எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை. எங்கள் வீட்டில் போனது நியாயமான 15 ஆம்பியர்தான். ஒரு புள்ளி கூட அதிகமில்லை. இணைப்பு கொதிப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி. இருந்திருந்தாலும் விழுந்திருக்காது. ஏனென்றால் கரண்ட் எங்கும் கசியவில்லை. போனது அப்படியே திரும்பி வந்தது, வழியில் சூட்டை மட்டும் விட்டுவிட்டு. இந்த வகை நெருப்புக்கு சரியான கம்பியும் இறுக்கமான இணைப்பும்தான் காவல்.

இங்கே ஒரு பழைய கோபத்தையும் கொட்டிவிடுகிறேன். சர்வீசில் ஒரு பிரிவில் இருந்தபோது தீ விபத்து நிவாரண மனுக்கள் என் மேஜைக்கு வரும். "விபத்துக்கான காரணம்" என்ற கட்டத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: மின் கசிவு. பேப்பரிலும் இன்றுவரை அதே வார்த்தை. கசிந்ததா, கொதித்ததா, யார் போட்ட வயர், என்ன கனம், எந்த ஜாயின்ட் என்று யாரும் கேட்பதில்லை. மின் கசிவு என்று எழுதிவிட்டால் அது புயல், இடி மாதிரி கடவுள் செயலாகிவிடுகிறது. யார் பெயரும் அடிபடாது. நானும் அந்தக் கட்டத்தைப் பார்த்து "சரி" என்று டிக் போட்டு மேலே அனுப்பினவன்தான். எத்தனை கோப்பு என்று எண்ணிப் பார்க்க இப்போது மனசு வரவில்லை.

என் வீட்டுக்கே 1986-இல் வயரிங் முடித்ததற்கான சான்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர் கையெழுத்திட்டது. எர்த் சோதிக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. அந்த கான்ட்ராக்டரை நான் நேரில் பார்த்ததே இல்லை. வேலை செய்தவர் வேறு, கையெழுத்துப் போட்டவர் வேறு. கனெக்‌ஷன் சீக்கிரம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். பாய் தோண்டிப் பார்த்தபோது, எர்த் குழி என்று இருந்த இடத்தில் துருப்பிடித்த ஒரு முழக் குழாய் கையோடு வந்துவிட்டது.

இப்போது கார் விற்பவர்கள் பக்கம் வருகிறேன். சட்டப்படி எல்லாம் சரிதானே, வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போடலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறதே என்பார்கள். உண்மை. மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிற மின் இணைப்பையே வைத்து வண்டிக்கு சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. இருக்கிற இணைப்பு என்றுதான் சொன்னார்கள். இருக்கிற வயரில், இருக்கிற சாக்கெட்டில், இல்லாத எர்த்தில் என்று சொல்லவில்லை. இணைப்பு வேறு, வயரிங் வேறு. இந்த வித்தியாசத்தை விற்கிறவர்கள் சௌகரியமாக விழுங்கிவிடுகிறார்கள்.

என் தங்கை மகன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். அவனிடம் போனில் சொன்னபோது, "மாமா, இங்க சாதாரண ப்ரீஸ்ல போட்டா 8 ஆம்பியர், மிஞ்சினா 10 ஆம்பியர்தான் எடுக்க விடுவாங்க. அதுக்கு மேல வேணும்னா ப்ரீஸ் ரான்ஃபோர்சேன்னு பலமான சாக்கெட், அதுக்குத் தனி லைன்" என்றான். 3.7 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர் என்றால் அதற்கென்று தகுதிச் சான்று பெற்ற எலக்ட்ரீசியன்தான் மாட்டவேண்டும் என்று 2017-லேயே அங்கே ஆணை போட்டுவிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் எல்லாவற்றிலும் உசத்தி என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் அதே கரண்ட், அதே செம்பு, அதே எஃபே ஜூல். அங்கே 10 ஆம்பியருக்கு மேல் யோசிக்கிற சாக்கெட்டில், கடற்காற்றும் வெயிலும் தின்ற நம் ஊர் சாக்கெட்டில் 15 ஆம்பியரை விடிய விடிய இழுக்கலாம் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்?

எர்த்துக்கு பிரெஞ்சில் "ப்ரீஸ் தெ தேர்" என்பார்கள். மண்ணைப் பிடித்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீடு முப்பத்தெட்டு வருடம் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றிருக்கிறது.

அதே கடையில் பிற்பாடு இன்னொரு யோசனையும் சொன்னார்கள். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் போட்டுக்கொள்ளுங்கள், நாலைந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும் என்று. மகனுக்கு ஆசை. நான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். அவன் ஒரு நாளைக்கு ஓட்டுவது நாற்பது கிலோமீட்டர். அதற்குச் செலவாவது ஆறு யூனிட் அளவு. 10 ஆம்பியரில் ஏற்றினாலே மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். வண்டியோ ராத்திரி பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. யாருக்கு என்ன அவசரம்? 7.2 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். ஒற்றை ஃபேஸ் வீட்டில் கார் 3.3 கிலோவாட் எடுத்தாலே, இரண்டு ஏ.சி., ஒரு ஹீட்டர், தண்ணீர் மோட்டார் சேர்ந்தால் ஒன்பது கிலோவாட், 39 ஆம்பியர் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு மூன்று கிலோவாட். பெரிய சார்ஜர் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், தினம் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்கள். அவர்கள் லோடை உயர்த்தி, முடிந்தால் மூன்று ஃபேஸ் வாங்கி, முறையாகச் செய்யட்டும். பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பதற்காக வேண்டாம்.

பாய் சொல்லி நாங்கள் செய்ததை எழுதுகிறேன். யாருக்காவது உபயோகப்படட்டும்.

முதலில் எர்த். செம்பு பூசிய கம்பி இறக்கி, அதற்குரிய கலவை போட்டு, மீட்டர் வைத்து அளந்து காட்டினார். அளக்காத எர்த்தை எர்த் என்று நம்பவேண்டாம் என்பது அவர் கட்சி. அப்புறம் மெயின் போர்டிலிருந்து வாசல் வரை காருக்கு மட்டும் தனி லைன். நடுவில் ஒரு ஜாயின்ட் கூடக் கிடையாது. வேறு எதற்கும் அதிலிருந்து கிளை எடுக்கக் கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 4 ஸ்கொயர் செம்பு வயர் போதும் என்றார். நான் 6 ஸ்கொயராகவே போடச் சொன்னேன். காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் தூரம் இருபது மீட்டர், போகவர நாற்பது. பழைய 2.5 ஸ்கொயர் வயரில் அந்தத் தூரத்துக்கு 15 ஆம்பியர் ஓடினால் அறுபத்தைந்து வாட்டுக்கு மேல் சுவருக்குள் சூடாகப் போகும். 6 ஸ்கொயரில் முப்பதுக்கும் கீழே. நாளைக்குப் பேத்தி வளர்ந்து பெரிய வண்டி வாங்கினாலும் சுவரை மறுபடி கொத்தவேண்டாம்.

அந்த லைனுக்குத் தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர். கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் "ஏ.சி." வகையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். காருக்கு அது போதாது. கார் சார்ஜரில் பழுது வந்தால் நேர் மின்னோட்டமும் கசியலாம். அது ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி.யை மந்தமாக்கிவிடும், வேண்டிய நேரத்தில் விழாது. குறைந்தபட்சம் "ஏ" வகை வேண்டும். உங்கள் சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் "பி" வகை, விலை அதிகம்தான்.

சாக்கெட்டைத் தரையிலிருந்து நல்ல உயரத்தில் வைத்தோம். மத்திய மின்சார ஆணையம் 2019-இல் சார்ஜிங் நிலையங்களுக்குப் பாதுகாப்பு விதி போட்டபோது 800 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கவேண்டும் என்றது. எக்ஸ்டென்ஷன் வயர் சேர்க்கவே கூடாது என்றும் சொன்னது. வீட்டுக்கும் அதே புத்திதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டி, நம் ஊரில் எத்தனை வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றது என்று யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தண்ணீருக்குள் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் சேர்த்து எங்களுக்கு முப்பத்தோராயிரம் ஆனது. பாய் கூலியைக் குறைத்தே வாங்கினார். மகன் முதலில், "ஒரு பிளக்குக்கு முப்பதாயிரமா?" என்றான். அதே மகன் காருக்கு சீட் கவர், கண்ணாடி ஃபிலிம், தரை மேட் என்று அதற்குமேல் செலவு செய்தவன். குறையாகச் சொல்லவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தான். வெளியில் தெரிகிறதற்குச் செலவு செய்ய மனம் வரும், சுவருக்குள் போகிறதற்கு வராது. வீடு கட்டும்போது வாசல் கிரானைட்டுக்குப் பேரம் பேசாதவர்கள் வயர் வாங்கும்போது "சின்ன சைஸ் போதாதா?" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். 1986-இல் கேட்டவனில் நானும் ஒருவன்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களிடம் மின்சாரக் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பூச்சு வேலைக்கு முன்னாலேயே மெயின் போர்டிலிருந்து கார் நிறுத்தும் இடத்துக்குப் பெரிய குழாய் ஒன்று புதைத்து உள்ளே இழுகம்பி விட்டு வையுங்கள். மெயின் போர்டில் இரண்டு இடம் காலியாக விடுங்கள். இன்றைக்குச் சில நூறு ரூபாயில் முடியும். நான் ஒரு மாதம் தூசியில் உட்கார்ந்தது மாதிரி உட்கார வேண்டியதில்லை. ஃபிளாட்டில் இருப்பவர்கள் சங்கத்தோடு சண்டை போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளவேண்டியது: கார் சார்ஜுக்கென்று தனி மின் இணைப்பு கேட்டு வாங்கும் உரிமை 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளில் இருக்கிறது. மாடியிலிருந்து ஜன்னல் வழியாக வயர் தொங்கவிடாதீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. காரை ஒப்படைக்கும் முன் விற்கிறவர்கள் ஒரு ஆளை அனுப்பி, எர்த்தை அளந்து, வயரின் கனத்தைப் பார்த்து, எண்களோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதட்டும். பதினைந்து லட்சம் வாங்குகிறவர்களுக்கு இது ஒரு அரை நாள் வேலை. அந்தத் தாள் ஒரு படி மின்துறைக்கும் போகட்டும். நாளைக்கு ஏதாவது நடந்தால் "மின் கசிவு" என்று எழுதிவிட்டுப் போகாமல், யார் பார்த்தார், என்ன அளந்தார் என்று ஒரு பெயராவது கோப்பில் இருக்கும்.

அந்தத் தெருமுனைத் தம்பியைப் போன வாரம் டீக்கடையில் பார்த்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். "ஏம்பா இப்படிப் பண்ணின?" என்றேன். "எல்லா வீட்லயும் அப்படித்தான் சார் போட்டுக் கொடுக்கறோம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். எத்தனை வீடு என்று கேட்டேன். யோசித்து, "பதினஞ்சு, இருவது இருக்கும்" என்றார். பாயிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். பாய் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினார். தம்பி பிடிவாதக்காரர் இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இதுவரை நாலு வீட்டில் அந்தத் துண்டு வயரைக் கழற்றிவிட்டாராம். இரண்டு வீட்டுக்காரர்கள், "இப்பதான் நல்லா ஓடுதே, எதுக்குக் கழட்டற?" என்று திட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய சாக்கெட்டில் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால், இன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்திவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் திரும்ப ஓடவிடாதீர்கள். எர்த் எங்கே இறங்குகிறது என்று எலக்ட்ரீசியனைக் கேளுங்கள். குழியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

அடுத்த பதிவில் பழையபடி புதுச்சேரி கதைக்கு வந்துவிடுகிறேன். எங்கள் பிசிக்ஸ் வாத்தியாரைப் பற்றியே எழுதலாம் என்று இருக்கிறேன்.